பொடோச்சாரியில் ஒரு பகல்

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவிலிருந்து ஸ்ரெப்ரெனிட்சாவுக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய மூன்று மணி நேர பஸ் பயணம். வழியில் கிராவிட்சா என்ற ஊரில், சாலையோரமாகவே ஒரு கிடங்கு நிற்கிறது. போஸ்னியப் போரின்போது, 1995 ஜூலை 13 அன்று, போஸ்னிய செர்பியப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களை அதற்குள் அடைத்துச் சுட்டார்கள். கையெறி குண்டுகளை வீசினார்கள்.

அந்த ஜூலையில் நடந்த படுகொலையின் நினைவிடம் இருப்பது ஸ்ரெப்ரெனிட்சா ஊருக்குச் சற்று முன்னால், பொடோச்சாரியில். சாலையின் ஒருபுறம் பழைய பேட்டரி தொழிற்சாலை. எதிரே சரிவெங்கும் வெள்ளைக் கல்லறைகள். 1993இல் ஐ.நா. 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்த மண் இது. தொழிற்சாலையில் ஐ.நா.வின் நெதர்லாந்துப் படை முகாமிட்டிருந்தது. 1995 ஜூலை 11 அன்று தளபதி ராட்கோ ம்லாடிச்சின் போஸ்னிய செர்பியப் படை ஊரைப் பிடித்ததும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த முகாமை நம்பி ஓடிவந்தார்கள். ஆண்களையும் பையன்களையும் பிரித்துக் கொண்டுபோனதை யாரும் தடுக்கவில்லை. காட்டு வழியாக, போஸ்னிய அரசின் வசமிருந்த துஸ்லா நகருக்குக் கிளம்பியவர்களையும் மறித்துப் பிடித்தார்கள். சில நாட்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்.

கல்லறைகளுக்கு நடுவே நடந்தேன். பிறந்த ஆண்டு கல்லுக்குக் கல் மாறுகிறது. இறந்த ஆண்டு மட்டும் மாறவே இல்லை. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்த கற்களில் வருகிறது.

கொன்றவர்கள் கொலையோடு நிற்கவில்லை. தடயத்தை அழிக்க, அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் புதைகுழிகளை மண்வாரி இயந்திரங்களால் தோண்டி, உடல்களை லாரிகளில் ஏற்றி வேறு குழிகளில் கொட்டினார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் கிடைக்கின்றன. உறவினர்களின் இரத்த மாதிரியோடு டி.என்.ஏ.வை ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண முடிகிறது. பிறகு தாய்க்குத் தகவல் வரும்: உங்கள் மகனின் சில எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இப்போதே அடக்கம் செய்வதா, மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா? முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான். அடக்கம் செய்தபின் இன்னோர் எலும்பு கிடைத்தால் கல்லறையைத் திறந்து சேர்க்கிறார்கள். பெற்றவளை இப்படித் திரும்பத் திரும்ப வதைப்பதும் அந்தக் கொலையின் பகுதிதான் என்றே நினைக்கிறேன்.

கணவரையும் இரண்டு மகன்களையும் இழந்த ஹதீஜா மெஹ்மெதோவிச் இந்த ஊருக்கே திரும்பிவந்து வாழ்ந்தார். தாய்மார்களின் அமைப்பை முன்நின்று நடத்தி, 2018இல் காலமானார்.

இது இனப்படுகொலை என்று 2001இல் முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான சர்வதேச குற்றவியல் தீர்ப்பாயமும், 2007இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டன. ஆனாலும் மறுக்கிற அரசியல்வாதிகள் இன்றும் இங்கே செல்வாக்கோடு இருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அவர்கள்மீது மட்டுமல்ல. அந்த மண்வாரிகளை யாரோ ஓட்டினார்கள்; லாரிகள் எங்கே போயின என்று அவர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ ஆயிரம் பேர் இன்னும் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் வாய் திறந்தால் போதும்.

சரயேவோ போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். முதலில் தொழிற்சாலைக் கூடத்தில் உள்ள காட்சியகத்தைப் பாருங்கள், பிறகு சாலையைக் கடந்து கல்லறைகளுக்குச் செல்லுங்கள். ஜூலை 11 அன்று போனால், அந்த ஆண்டு அடையாளம் காணப்பட்டவர்களை அடக்கம் செய்யும் குடும்பங்களோடு நிற்கலாம்.