தரை தொடாத கால்கள்

பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணைப் படம் எடுக்கப் போய், "சிரிம்மா" என்று கெஞ்சியதுதான் மிச்சம்.

ராத்திரி டச்சுப் புகைப்படக் கலைஞர் ரினெகே டைக்ஸ்ட்ராவின் அல்மெரிசா படங்களை மறுபடி பார்த்தேன். அல்மெரிசா, போஸ்னியாவிலிருந்து நெதர்லாந்துக்கு அகதியாக வந்த சிறுமி. 1994இல் எடுத்த முதல் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கால் தரைக்கு எட்டவில்லை. 2008 வரை மொத்தம் 11 படங்கள். எல்லாவற்றிலும் ஒரு நாற்காலி, அவள், அவ்வளவுதான். வளர வளர கால் தரையில் ஊன்றுகிறது. பதின்வயதில் உடை, தலைமுடி, உட்காரும் தோரணை எல்லாம் படத்துக்குப் படம் வேறு. கடைசிப் படத்தில் மடியில் அவள் குழந்தை.

யாரும் சிரிக்கச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. (பின்னணி மங்கலாக வேண்டும் என்று நான் லென்ஸுக்குக் கொட்டிய காசை நினைத்தால்!)

சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு மறுபடி போகிறேன்.