டர்ட் பைக் கிளட்ச் எத்தனை மணி நேரம் தாங்கும்? பட்டறை நாட்குறிப்பு

4 ஜூன் 2024

யமஹா ஒய்இசட்250எஃப், மோட்டோகிராஸ் பயிற்சிக்கு ஓடும் வண்டி. ஹவர் மீட்டரில் (இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு) 41. மூன்றாவது கியரில், கெட்டித் தரையில் ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி அதற்கேற்ற வேகம் எடுப்பதில்லை. கிளட்ச் ஸ்லிப்தான்: கிளட்ச் நழுவுவதால் இன்ஜினின் சக்தி முழுசாகச் சக்கரத்துக்குப் போகவில்லை. முதல் கியரில் சோதித்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்: பின்சக்கரம் மண்ணில் சுற்றுவதும் கிளட்ச் நழுவுவதும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும்.

"எத்தனை மணி நேரம் வரும்?" என்பதற்கு ஒற்றை எண் சொல்ல முடியாது. கிளட்ச் பிளேட்டைத் தின்பது தூரம் இல்லை, லீவரைப் பாதி பிடித்து ஓட்டும் ஹாஃப் கிளட்சின் சூடு. ஆழமான சேற்றில் ஹாஃப் கிளட்சிலேயே உருட்டினால் புது பிளேட்டும் ஒரே நாளில் கருகும். மோட்டோகிராஸ் டிராக்கில் 30 முதல் 50 மணி என்று வைத்துக்கொள்ளலாம். காட்டுப்பாதையில் நிதானமாகப் போய், லீவரில் விரலை ஊன்றாமல் ஓட்டுகிறவருக்கு 100 மணியும் தாண்டும். எக்ஸ்பல்ஸ் 200 போல ரோட்டிலும் ஓடுகிற வண்டிக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. பெரும்பாலும் ரோடு என்றால் 20,000க்கு மேல் தாங்கும்.

பிரிப்பதற்கு முன் கேபிளைப் பார்க்க வேண்டும். லீவர் நுனியில் சுமார் 10 மிமீ ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) தேவை. கார்க் (உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்) தேயத் தேய இந்த பிளே குறையும். அட்ஜஸ்ட் பண்ணாமல் விட்டால் லீவரைத் தொடாதபோதே கிளட்ச் பாதி பிடித்த நிலையில் நழுவும், நழுவினால் சூடு, சூட்டில் இன்னும் தேய்மானம். இந்த வண்டியில் பிளே சுத்தமாக இல்லை. சரிசெய்து ஓட்டினோம், ஸ்லிப் போகவில்லை. அப்படியானால் பிரித்தே ஆக வேண்டும்.

5 ஜூன்

வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் கிளட்ச் கவர் மேலே வந்துவிடும், ஆயிலை வடிக்காமலே திறக்கலாம். (டேங்க்கில் பெட்ரோல் கொஞ்சமாக இருக்கட்டும், மூடியின் காற்றுக்குழாய் வழியாக ஒழுகும்.) ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றும் கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் முழுசாகக் கழற்றினால் பிரஷர் பிளேட் (பிளேட் அடுக்கை அழுத்திப் பிடிக்கும் மூடி) கோணி, போல்ட் இறங்கும் அலுமினியத் தூண் விரியும். அது உடைந்தால் பிளேட்டுகள் கோர்த்திருக்கும் நடுப்பகுதியான ஹப்பையே மாற்ற வேண்டிய செலவு.

உள்ளே கருகிய வாடை. ஸ்டீல் பிளேட்டுகளில் மூன்றில் மயில்கழுத்து நிறத்தில் திட்டுத்திட்டாக நீலம் ஏறியிருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் ஒவ்வொன்றையும் படுக்க வைத்து ஓரத்தில் 0.10 மிமீ ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தோம். நீலம் ஏறிய மூன்றிலும் தடையில்லாமல் போகிறது, அதாவது வளைந்துவிட்டன. மற்றவற்றில் நுழையவில்லை. இருந்தும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுகிறோம். வளைந்த ஸ்டீலோடு புது கார்க் போட்டால் லீவரைப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது. வண்டி இழுக்கும், நியூட்ரல் விழாது.

கார்க் பிளேட்டுகளை வெர்னியரில் நாலு இடத்தில் அளந்தோம். புதிதில் 3 மிமீ அளவில் இருக்கும், 2.8க்குக் கீழே போனால் வைத்திருப்பதில் பயனில்லை. இங்கே 2.72 முதல் 2.80 வரை. அளவைவிட முகம்தான் கவலை தருகிறது: கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. கனம் சரியாக இருந்தாலும் மினுமினுத்த கார்க் பிடிக்காது.

பலரும் பார்க்காமல் விடுவது அவுட்டரை, அதாவது பிளேட்டுகளைச் சுற்றி நிற்கும் கூடையை. கார்க் பிளேட்டின் காதுகள் அதன் அலுமினிய விரல்களில் இடித்து இடித்துப் பள்ளம் போடும். அந்தப் பள்ளத்தில் காது சிக்கி நிற்கும்போதுதான் லீவரை விட்டதும் கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும். விரல் நகத்தை மெல்ல ஓட்டினாலே தெரியும். லேசான தடம் என்றால் மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம். அரை மிமீக்கு மேல் ஆழம் என்றால் அரத்தை எடுக்காதீர்கள். தேய்க்கிற அளவுக்கு இடைவெளி கூடி, காது இன்னும் வேகமாக இடிக்கும். இதில் நகம் இலேசாகத் தட்டுகிறது, அவ்வளவுதான். அரம் போதும்.

புது கார்க்கை இன்றிரவு ஆயிலில் ஊற வைக்கிறோம். காய்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் நிமிடத்திலேயே மினுக்கம் தட்டிவிடும்.

6 ஜூன்

ஸ்பிரிங்குகளும் செட்டாகப் புதியவை. சூடு கண்ட ஸ்பிரிங் நீளம் சுருங்கி அழுத்தம் இழந்திருக்கும். பழையதும் புதியதும் கலந்தால் பிரஷர் பிளேட் ஒரு பக்கம் சாயும்.

பிளேட்டுகளை எந்த வரிசையில் எடுத்தோமோ அதே வரிசையில் கோர்த்தோம். பிரஷர் பிளேட்டின் குறியும் ஹப்பின் குறியும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பல் தப்பினால் தட்டையாக உட்காராது. போல்ட் 10 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக. கைக்கணக்கு வேண்டாம், அலுமினியத்தில் மரை போய்விடும்.

ஆயிலையும் மாற்றியாகிவிட்டது. இது ஜாசோ எம்ஏ2, ஆயிலில் ஓடும் கிளட்சுக்கான பைக் ஆயில் தரம். எம்பி என்று போட்ட ஸ்கூட்டர் ஆயிலும், எரிபொருள் சேமிப்பு என்று அச்சிட்ட கார் ஆயிலும் இங்கே கூடாது. உராய்வைக் குறைக்கச் சேர்த்த மருந்து, ஆயிலில் முங்கி ஓடும் கிளட்சின் பிடியையும் குறைத்துவிடும்.

8 ஜூன்

2 மணி ஓடியதும் ஆயிலை வடித்தாகிவிட்டது. கார்க் தூள் கொஞ்சம் கலந்து கருத்திருக்கிறது, உலோக மினுக்கம் இல்லை. பிளேட் உட்கார்ந்ததில் கேபிளின் ஃப்ரீ பிளே கொஞ்சம் மாறியிருந்தது. 10 மிமீக்குத் திரும்பக் கொண்டுவந்தோம்.

22 ஜூன்

ஹவர் மீட்டர் 49. டிராக் ஓரத்தில் நின்று பார்த்ததில் பழைய கிளட்ச் கருகிய காரணம் புரிகிறது. இறுக்கமான வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே நுழைந்து, கிளட்சை நழுவவிட்டு ஆர்பிஎம் ஏற்றுகிறார் ஓட்டுகிறவர். நாலு சுற்று முடிந்து வந்து நிற்கும்போது லீவர் தொளதொளவென்று இருக்கிறது. சூட்டில் பிளேட் அடுக்கு விரிந்து ஃப்ரீ பிளே கூடுவதன் அடையாளம் அது. அந்த நேரத்தில் கேபிளை இறுக்கவே கூடாது: ஆறியதும் பிளே இல்லாமல் போய் கிளட்ச் நழுவத் தொடங்கும்.

பின் ஸ்ப்ராக்கெட்டில் 2 பல் கூட்டியிருக்கிறோம். மூன்றாவது கியர் இனி அந்த வளைவுகளைக் கிளட்ச் உதவியில்லாமல் இழுக்க வேண்டும். மிக இறுக்கமான இரண்டு வளைவுகளுக்கு மட்டும் இரண்டாவது கியர். அடுத்த அளவெடுப்பு 60 மணியில்.