கூடைக்குள் ஒளிந்த திராட்சை

கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவில் திராட்சைக்குப் பெரும்பாலும் பந்தல் கிடையாது. கொடியைத் தரையோடு தரையாகக் கூடை போல வளைத்துச் சுற்றி வளர்க்கிறார்கள். காற்றின் அடி படாமல் குலைகள் உள்ளே ஒளிந்திருக்கும். கோடையில் மழை கிடையாது, இரவில் கடலிலிருந்து வரும் ஈரம்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைக் காலி செய்த ஃபைலோக்சரா பூச்சியும் இந்த எரிமலை மண்ணில் பிழைக்கவில்லை.

திராட்சையின் பெயர் அசிர்டிகோ. அதன் வைனை வாயில் வைத்ததும் எலுமிச்சைப் புளிப்பு, பின்னாலேயே லேசான உப்பு. முதல் நாள் ஐஸ் வாளியில் வெகுநேரம் அமுக்கிவைத்துக் குடித்தேன். புளிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் உணவகப் பெரியவர் எதுவும் சொல்லாமல் பாட்டிலை வாளியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சரி, 10 டிகிரி போதும் போல! கண்ணாடியில் வியர்த்திருந்த நீர் வழிய வழிய, வைனின் மணம் மெல்ல எழுந்தது.

தொட்டுக்கொள்ளச் சுட்ட ஆக்டோபஸ். அப்புறம் ஃபாவா: மஞ்சள் பருப்பைக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம். எனக்கு ஆக்டோபஸை விட அதுதான் பிடித்தது.

இத்தனை லேசாக இறங்கிய வைனில் 14 சதவீத ஆல்கஹால் என்பது நாற்காலியை விட்டு எழுந்தபோதுதான் தெரிந்தது.