அறுத்துத் திறந்த இடது இறக்கை

ஒருவர் மட்டும் அமரக்கூடிய, இயந்திரம் இல்லாமல் பறக்கும் மரக் கிளைடரை நானே வரைந்து நானே கட்டி முடிக்க நான்கு ஆண்டுகள் போதும் என்று தொடக்கத்தில் கணக்குப் போட்டிருந்தேன். ஏழு ஆண்டுகள் ஆயின. அதிகமான மூன்றில் ஏறக்குறைய ஓர் ஆண்டை இடது இறக்கையே விழுங்கியது என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

வடிவமைப்பு பெரிய தொல்லை தரவில்லை. 1930களில் எட்மண்ட் ஷ்னைடரின் பட்டறையில் உருவான குருனாவ் பேபி இரண்டு என்ற கிளைடரைப் போல இறக்கையின் முழு நீளத்தை 13.5 மீட்டர் அளவில் வைத்துக்கொண்டேன். மேல்நோக்கிய சுமைக்கு 5.3 ஜி, அதாவது எடையைப்போல் 5.3 மடங்கு, என்ற வரம்பையும் அதன்மேல் 1.5 மடங்கு பாதுகாப்பையும் எடுத்துக்கொண்டு இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மை உத்திரமான ஸ்பாரைக் கணக்கிட்டேன். மாதிரி ஸ்பார் ஒன்றில் மணல் மூட்டைகளை ஏற்றி உடைத்துப் பார்த்தபோது, அது கணக்கிட்ட சுமையைத் தாண்டிய பிறகே உடைந்தது. ஆனால் அந்தக் கணக்குகளை ஒப்புதலுக்குக் கொண்டுபோன முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டேன். வரைபடத்தில் திருத்த எண் மூன்று என்றும் கணக்குக் கோப்பில் இரண்டு என்றும் இருந்ததுதான் காரணம். ஒரு எண்ணை மாற்றி எழுத ஒரு நாள் பயணம் வீணானது. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தினாலும், அதே நாளில் கணக்குக் கோப்பின் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

இனி இறக்கைக்கு வருகிறேன். ஸ்பாருக்கு முன்னால் 1.5 மில்லிமீட்டர் பிர்ச் ஒட்டுப்பலகையால் மூடப்படும் பெட்டிதான் இறக்கையின் முறுக்கத்தைத் தாங்குகிறது. அதை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் பசை இணைப்புகளை யாராலும் பார்க்க முடியாது. எனவே மூடுவதற்கு முன் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வலது இறக்கையை அவர் பார்த்துவிட்டார். இடதுக்கு வருவதாகச் சொன்ன நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டார். அந்த வாரம் காற்று உலர்ந்து, வெப்பமும் பசைக்கு ஏற்றதாக இருந்தது. வலதைப் போலத்தானே இடதும் என்று எண்ணி ஒட்டி மூடிவிட்டேன்.

வந்தவர் இறக்கையை விரல் கணுவால் இரண்டு இடங்களில் தட்டிப் பார்த்தார். "உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது, நீங்களே சொல்லுங்கள்" என்றார். நாளைத் தள்ளிப்போட்டவர் அவர்தான் என்பதை நினைவூட்டினேன், பயனில்லை. பசைச் சோதனைத் துண்டுகளைக் கேட்டார். கலந்த ஒவ்வொரு பசைக்கும் இரு மரத்துண்டுகளை ஒட்டி, தேதியும் வெப்பமும் எழுதி வைத்து, உலர்ந்ததும் உடைத்துப் பார்க்க வேண்டும். பசைக்கோட்டில் பிரியாமல் மரமே கிழிந்தால்தான் இணைப்பு நல்லது. என்னிடம் ஒன்பது கலவைகளுக்கு எட்டுத் துண்டுகளே இருந்தன.

மெல்லிய ரம்பத்தாலும் உளியாலும் பலகையை அறுத்து எடுக்க மூன்று வாரங்கள் பிடித்தன. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான விலாக்களில், நுனியிலிருந்து நான்காவதன் மேல் பலகை எந்த எதிர்ப்பும் இல்லாமல், தபால் உறையின் மடிப்பைப் போலப் பிரிந்து வந்தது. அடியில் நான்கு விரல் நீளத்துக்குப் பசை விலாவிலேயே கண்ணாடிபோல் உறைந்திருந்தது. பலகையில் ஓர் இழைகூடக் கிழியவில்லை. தொழிற்சாலையில் சூடான அழுத்தத்தில் செய்யப்படும் ஒட்டுப்பலகையின் மேற்பரப்பு வழவழப்பாக மெருகேறியிருக்கும் என்பதும், ஒட்டுவதற்கு முன் அந்த மெருகை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து நீக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அந்த இடத்தில் மட்டும் தேய்க்க மறந்திருக்கிறேன். ஆய்வாளர் மேல் இருந்த கோபத்தை அதன்பின் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தேதியைத் தள்ளிப்போட்டதற்காக மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.

புதுப் பலகையைப் பழையதோடு சேர்க்கும் ஓரத்தைத் தடிமனைப்போல் 12 மடங்கு, அதாவது 18 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவாக இழைக்க வேண்டும். முதல் இரண்டு ஓரங்கள் இழைப்புளியில் கிழிந்துபோயின. அடியில் தடித்த பலகை ஒன்றைத் தாங்கலாக வைத்து, இழைப்புளியின் அலகை ஒவ்வொரு ஓரத்துக்கும் தீட்டிய பிறகே வேலை நேரானது. இரண்டாம் முறை அவர் கைவிளக்கோடும் சிறு கண்ணாடியோடும் வந்து, விலா விலாவாகப் பார்த்துக் கையெழுத்திட்டார். அன்றிரவே மூடினேன்.

துணி போர்த்தியதும், அதை இறுக்கும் டோப் பூச்சைப் பூசியதும் ஒழுங்காக முடிந்தன. எடை போட்டபோதுதான் வால் 1.8 கிலோ கூடியிருந்தது தெரிந்தது. பயத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் ஒட்டிய கூடுதல் மூலைக்கட்டைகளே காரணம். வால் எடைமையத்துக்கு 4 மீட்டர் பின்னால் இருக்க, மூக்கில் எடை வைக்கக்கூடிய இடமோ 1.6 மீட்டர் முன்னால்தான் இருந்தது. ஆகவே அந்த 1.8 கிலோவைச் சரிக்கட்ட 4.5 கிலோ ஈயம் தேவைப்பட்டது. முதல் பறத்தல் ஆறு நிமிடம், ஒரு குறையும் இல்லை. ஈயம் மட்டும் இன்றும் என் பாதங்களுக்கு முன்னால் திருகாணியில் மாட்டியபடி கூடவே பறக்கிறது.