செவிவழிச் சாட்சி

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

டெல்லியில் சட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டது. ஜங்புராவில் மெட்ரோ ஏறி, காஷ்மீரி கேட்டில் மாறி, விஸ்வவித்யாலயாவில் இறங்குவதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. விருப்பப் பாடமாகச் சட்டமும் மானிடவியலும் எடுத்திருக்கிறேன். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "வரிச் சட்டம் எடுத்தா சோறு போடும். இது என்னம்மா போடும்?" என்றார். சித்தி என் பக்கம். ஆனால் அவருக்கும் மானிடவியல் என்றால் என்னவென்று தெரியாது.

சட்ட ஆசிரியர் ஒருவர், மானிடவியல் ஆசிரியை ஒருவர், இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நிற்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழுவதுதான் பாதிப் பாடம். சார் பழைய சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் ஆரம்பித்தார். கண்டதைக் கண்டவன் சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவன் சொல்ல வேண்டும், அடுத்தவன் சொல்லித் தெரிந்தது செல்லாது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தும் இந்த விதி மாறவில்லை, எண் மட்டும் 55. மேடம் கேட்டார்: "எழுத்தே இல்லாத ஊரில் நானூறு வருஷத்துக்கு முந்தைய எல்லைத் தகராறு. பார்த்த சாட்சியை எங்கிருந்து கூட்டி வருவீங்க?" சார் சிரித்துவிட்டு வருகைப் பதிவு எடுக்கப் போய்விட்டார்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

அந்தக் கேள்விக்குக் கனடாவில் ஒரு பதில் இருக்கிறது. டெல்கமூக் வழக்கு. கிட்க்ஸான், வெட்சுவெட்டென் என்ற இரு பூர்வகுடிகள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 58,000 சதுர கிலோமீட்டர் நிலம் எங்களுடையது என்று 1984-ல் வழக்குப் போட்டார்கள். பத்திரம் கிடையாது. வம்சக் கதைகளும் பாட்டுகளும்தான் ஆவணம். விசாரணை 374 நாள் நடந்தது. மேரி ஜான்சன் என்ற மூதாட்டி கூண்டில் நின்று தன் குலப் பாட்டைப் பாட வேண்டும் என்கிறார். நீதிபதிக்குச் சங்கடம். தனக்குத் தகரக் காது, பாடிப் பயனில்லை என்கிறார். ஆனாலும் பாட்டி பாடினார். 1991-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகத்தான் வந்தது.

1997 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்குச் சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்றது. நிலத்தைக் கொடுத்துவிடவில்லை, மறுவிசாரணைக்குத்தான் அனுப்பியது. இணையத்தில் இதைக் கொண்டாடும் பலர் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர் நீதிமன்றத்தில் ஒரு கிழவி ஒப்பாரி பாடிக் கொல்லை எல்லையைச் சொன்னால் என்ன ஆகும் என்று திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். டவாலி சத்தம் போடுவார்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

1952-ல் இதே நாளில்தான் நாடு முழுக்கக் குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து, அதாவது பிறவியிலேயே குற்றவாளிகள் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த பட்டியலிலிருந்து, சாதிகளை விடுவித்தார்கள். எங்கள் மாகாணத்தில் அதற்கு முன்பே, 1947-லேயே சட்டம் போய்விட்டது. உசிலம்பட்டிப் பக்கம் யாரும் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை. கைரேகை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றியதால் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள்.

அப்பத்தாவுக்கு போன் போட்டேன். 85 வயது, காது மந்தம், தொண்டை கணீர்.

"எங்க அப்பாரு பொழுது சாஞ்சா கம்பளியத் தூக்கிட்டுப் போயிருவாரு. ஆம்பளைக எல்லாரும் ஸ்டேசன்ல படுத்துட்டு விடியக்காலந்தான் வருவாக. ஒறவுமொறைக்கு வெளியூரு போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். ஏன் கேக்குற தாயி?"

"படிக்கிறதுக்கு அப்பத்தா."

"இதையெல்லாமா டெல்லியில படிக்கிறாக?"

பெருங்காமநல்லூர் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். 1920 ஏப்ரல் 3-ல் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. சின்ன வயதில் நினைவுத்தூணைப் பார்த்தபோது ஒரு விரல் மைக்காகவா என்று தோன்றியது. இப்போது தோன்றுவதில்லை.

இதையும் எழுதிவைக்க வேண்டும்: நாங்கள் காட்டுவாசிகள் இல்லை, பழங்குடிப் பட்டியலிலும் இல்லை. எங்கள் ஆட்களாலேயே ஒடுக்கப்பட்டவர்களும் உண்டு. பூர்வகுடிப் பார்வை என்று வகுப்பில் சொல்லும்போது நான் அந்தப் பாயில் உட்காரக்கூடாது. ஓரமாக நின்று கேட்கலாம்.

2 செப்டம்பர், செவ்வாய்

தூக்கம் வரவில்லை. நூலகத்தில் ஒன்று கண்ணில் பட்டது. சாட்சியச் சட்டம் 1872-ல் வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர். அவர் அந்தப் பதவியில் இருந்தபோதே, அதற்கு முந்தைய வருஷம் வந்ததுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். அது மதராஸுக்கு 1911-ல் வந்து சேர்ந்தது.

அதாவது ஒரே அலுவலகத்திலிருந்து ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு சட்டங்கள். ஒன்றில், அடுத்தவன் சொல்லக் கேட்டது சாட்சி ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவனின் கெட்ட பெயரைக்கூட வழக்கில் இழுக்கக்கூடாது என்று 54ஆம் பிரிவு. இன்னொன்றில், அந்தச் சாதிக்காரன் திருடுவான் என்று ஊர் சொல்கிறதா, போதும், பதிவேட்டில் ஏற்று. எங்கள் கதை செவிவழிச் செய்தி. எங்களைப் பற்றிய கதை மட்டும் அரசிதழ்.

இரண்டு சட்டத்தையும் நாலு பருவமாகத் தனித்தனியாகப் படித்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் காட்டவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் எரிச்சல்.

17 செப்டம்பர், புதன்

கேண்டீனில் ராஞ்சித் தோழி. முண்டாப் பழங்குடிப் பெண். அவர்கள் ஊரில் செத்தவர்களைப் புதைத்து மேலே பெரிய கல் வைப்பார்கள், சசன்திரி. "எங்கள் பட்டாவே அந்தக் கல்தான்" என்பது அங்கே சொல்வழக்காம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் கல்லைக் கல்கத்தா வரை சுமந்துபோய்க் காட்டினார்கள் என்று அவள் தாத்தா சொல்வாராம். வெள்ளைக்காரனை எதிர்த்து பிர்சா முண்டா நடத்திய எழுச்சிக்குப் பின் 1908-ல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது, முண்டாக்களின் நிலம் வெளியாள் கைக்குப் போகாமல் தடுக்க.

நான் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சமோசாவைப் பிட்டுக்கொண்டே, "அந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிற நிலத்தில் என் அம்மாவுக்கு ஒரு அடி கிடையாது" என்றாள். வழக்கப்படி ஆண் வாரிசுக்குத்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மது கிஷ்வர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சோட்டாநாக்பூர் சட்டத்தில் ஆண் வாரிசை மட்டும் சொல்லும் பிரிவுகளை ரத்து செய்யாமல், பெண்கள் பிழைப்புக்காக நிலத்தில் இருந்துகொள்ளலாம் என்ற மட்டில் நின்றுவிட்டது. இந்த ஜூலையில்தான் சத்தீஸ்கரின் ஒரு கோண்டுப் பழங்குடிக் குடும்ப வழக்கில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பெண்ணுக்குப் பங்கு தரும் வழக்கம் இருந்ததை நிரூபி என்று கீழ் நீதிமன்றங்கள் கேட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: தரக்கூடாது என்ற வழக்கம் இருந்தால் அதையல்லவா நிரூபிக்க வேண்டும்?

எல்லாம் யார் தலையில் நிரூபிக்கும் சுமை விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. வழக்கம் என்றாலே தேன் தடவிப் பேசும் என் புத்திக்கு இன்று ஒரு குட்டு.

5 அக்டோபர், ஞாயிறு

சித்தி வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா வந்திருந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம். பாராபுல்லா ஓடை ஓரத்தில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர். ஜூன் 1-ல் நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே 370 வீடுகளை இடித்தார்கள். மாற்று வீடு என்று பட்டியலில் வந்தது 189 குடும்பம், அதுவும் ஊரின் மறுகோடியில் நரேலாவில். அக்கா பெயர் வந்தது, தம்பி பெயர் வரவில்லை. இரண்டு பஸ் மாறி வாரம் மூன்று நாள் இங்கே வருகிறார்.

"நீ வக்கீலுக்குத்தானே படிக்கிற, பாரு" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, அம்மாவின் பிரசவச் சீட்டு, தம்பி படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சான்றிதழ். குடிசைக்கு 2015 ஜனவரி 1 கெடு, வன உரிமைக்கு 2005 டிசம்பர் 13 கெடு. காடோ ஓடையோ, ஒரு தேதிக்கு முன்னால் நீ இங்கே இருந்தாய் என்று காட்டு என்கிறார்கள்.

"அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்வாங்களேம்மா, இவன் இங்கதான் பொறந்தான்னு. அது போதாதா?"

போதாது அக்கா. ஆனால் வாயில் வரவில்லை. காபி போடப் போய்விட்டேன்.

23 அக்டோபர், வியாழன்

தீபாவளிப் புகை. கண் எரிகிறது. படிக்கவில்லை.

29 அக்டோபர், புதன்

இந்த வகுப்புக்கு எழுதும் கட்டுரைக்கு ஒன்று கிடைத்தது. வன உரிமைச் சட்டத்தின் 13ஆம் விதி, சாட்சியங்களின் பட்டியல். அரசு ஆவணங்களோடு கிணறு, இடுகாடு, கோயில்காடு போன்றவையும் உண்டு. மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சாட்சி. ராஞ்சித் தோழிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "கல் உள்ளே வந்துவிட்டது" என்று பதில் போட்டாள். நடைமுறையில் கேட்பது காகிதத்தைத்தான் என்று அடுத்த செய்தி.

சார் தன் பங்குக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். 1868, அன்றைக்கு நம் வழக்குகளுக்குக் கடைசி முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், ராமநாதபுரம் ஜமீன் வழக்கு. கணவன் அனுமதி தராமலே இறந்துபோனால் விதவை ராணி தத்தெடுக்கலாமா என்ற கேள்வி. தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தை மிஞ்சும் என்று அதில் சொன்னார்கள். ராமநாதபுரம் அரண்மனையின் வழக்குக்குக் கிடைத்த மரியாதை. அங்கிருந்து உசிலம்பட்டி எவ்வளவு தூரம்? காரில் மூன்று மணி நேரம் இருக்கும்.

9 நவம்பர், ஞாயிறு

கட்டுரைக்கு அப்பத்தாவின் பேட்டியை இணைப்பாக வைக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பேட்டி எடுக்கச் சம்மதப் படிவம் கட்டாயம், கையெழுத்து அல்லது கைநாட்டு. சித்தப்பா மகன் உசிலம்பட்டியில் அச்செடுத்து மைப்பெட்டியோடு போனான். நான் வீடியோ அழைப்பில்.

"என்னடா இது?"

"நீங்க பேசுறதுக்குச் சம்மதம்னு ரேகை வைக்கணும் அப்பத்தா."

"நான்தான் பேசுறேங்கிறேனே. அப்புறம் ரேகை எதுக்கு?"

"ரேஷன் கடையில மெஷின்ல வெரல் வைக்கிறீகளே?"

"அது அரிசிக்கு வைக்கிறேன். இதுக்கு வைக்க மாட்டேன். எங்க அப்பாரு வச்சதே போதும்."

அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் படிவத்தை மடித்து வைக்கச் சொன்னேன். மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவிலேயே எடுத்துக்கொள், போதும் என்றார். கோப்பில் காகிதம் இல்லாவிட்டால் சிக்கல் என்கிறார் சார். செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவர்களே பேசி முடிக்கட்டும்.

பதிவு 52 நிமிஷம். முதல் ஐந்து நிமிஷம், சித்திக்குக் கொடுத்தனுப்பிய நெய் வந்து சேர்ந்ததா என்ற விசாரணை. வெட்டாமல் அப்படியே இணைக்கப்போகிறேன்.