லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

நிறுவனக் கணக்குகளை ஆராயும் வேலையில் லாப நஷ்டக் கணக்கைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. தேய்மானம் (இயந்திரம் போன்றவற்றின் விலையைப் பல வருடங்களுக்குப் பிரித்து எழுதும் செலவு), ஒதுக்கீடு (வரக்கூடிய இழப்புக்கு முன்கூட்டியே எழுதும் தொகை), வருவாயை எப்போது பதிவது என்று அதில் நிர்வாகத்தின் கணிப்புகள் அதிகம். பணம் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையில் அதற்கு இடம் குறைவு.

ஐந்து வருட அறிக்கைகளில் செயல்பாடு (அன்றாடத் தொழில்), முதலீடு (சொத்து வாங்குவது, விற்பது), நிதியளிப்பு (கடன், பங்கு மூலதனம்) மூன்றுக்கும் குறிகளை மட்டும் எழுதுங்கள்: நிகரமாகப் பணம் உள்ளே வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல். கூட்டல், கழித்தல், கழித்தல் என்றால் தொழில் சம்பாதித்து, இயந்திரம் வாங்கி, கடனையும் அடைக்கிறது. கழித்தல், கழித்தல், கூட்டல் புது நிறுவனத்துக்கு இயல்பு. பழைய நிறுவனத்துக்கு அல்ல. கழித்தல், கூட்டல், கூட்டல் என்றால் சொத்தை விற்றும் கடன் வாங்கியும் அன்றாடச் செலவு ஓடுகிறது. அடுத்த வருடம் கடைசிக் குறியும் கழித்தலானால், பெரும்பாலும் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டுவிட்டன என்று பொருள். ஒரே வருடத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பெரிய ஆர்டருக்குச் சரக்கு சேர்த்த வருடத்தில் நல்ல நிறுவனத்துக்கும் கழித்தல் வரும்.

பிறகு ஐந்து வருட நிகர லாபத்தையும் செயல்பாட்டுப் பணத்தையும் தனித்தனியே கூட்டுங்கள். பணமாக வெளியே போகாத தேய்மானம் திரும்பச் சேர்வதால் இரண்டாவது தொகை பொதுவாகப் பெரிதாக இருக்கும். சிறிதென்றால் பெரும்பாலும் பணம் வாடிக்கையாளர் பாக்கியிலோ சரக்கிலோ சிக்கியிருக்கிறது. விற்ற பணம் கைக்கு வர ஆகும் வசூல் நாட்கள் 60இலிருந்து 95 ஆனால், வருட விற்பனையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வெளியே நிற்கிறது. 1975இல் திவாலான அமெரிக்கச் சில்லறை நிறுவனம் டபிள்யூ. டி. கிராண்ட் இதற்குப் பழைய உதாரணம்: லாபம் காட்டிக்கொண்டே பல வருடங்கள் செயல்பாட்டில் பணம் இழந்தது.

அதிகம் ஏமாற்றுவது, செயல்பாட்டுப் பணம் திடீரென்று தேறுவதுதான். சப்ளையருக்கு 45 நாளில் கொடுத்ததை 120 நாளுக்கு இழுத்தால் ஒருமுறை பணம் மிஞ்சும். மறுவருடமும் மிஞ்ச வேண்டுமென்றால் இன்னும் இழுக்க வேண்டும். 2018 ஜனவரியில் கவிழ்ந்த பிரிட்டனின் கட்டுமான நிறுவனம் கரிலியனில், சப்ளையர்களுக்கு வங்கி முன்கூட்டியே கொடுத்துவிடும், நிறுவனம் பிறகு வங்கிக்குத் தரும். தன்மையில் அது கடன். கணக்கில் கடன் தலைப்பில் இல்லை.

வட்டியைச் சரிபார்ப்பதும் உதவும். வட்டி விகிதம் 10 சதவீதம் என்று சொல்லியிருக்க, கட்டிய வட்டி வருடக் கடைசிக் கடனில் 25 சதவீதம் வந்தால், கணக்கு முடிக்கும் நாளுக்காகக் கடன் குறைக்கப்பட்டிருக்கலாம். ரொக்கம் குவிந்தும் வட்டி வருமானம் சொற்பமென்றால் ரொக்கமே சந்தேகம். ஆனால் வட்டியையும் போலியாக எழுதலாம்: 2009இல் ஐடி நிறுவனம் சத்யத்தின் தலைவர் ஒப்புக்கொண்டதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத ரொக்கத்தோடு 376 கோடி இல்லாத வட்டியும் இருந்தது. அதனால் வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற இருப்புச் சான்றைத் தணிக்கையாளர் நிறுவனத்தின் கை படாமல் வங்கியிடமே நேரடியாகப் பெற வேண்டும்.