ஐப்பசி மழை நாட்கள்

ஒக்டோபர் 17
எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பின்னால் நிலத்தில் இருக்கும் வெடிப்பில் இப்போது சுண்டுவிரல் நுழைகிறது. "காஞ்சா தானா மூடிக்கும், நீ போய் பாடத்தப் பாரு" என்கிறார் அம்மா.

ஒக்டோபர் 19
ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகளின் வலைப்பதிவுகள் வந்துவிட்டன. பாதிப்பேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யுனிகோடுக்கு மாற்றியே மத்தியானம் போயிற்று. மாற்றிப் பார்த்தால் அநேகமாக எல்லோரும் 2014 ஒக்டோபர் 29இல் மண் மூடிய மீரியபெத்தைத் தோட்டத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். 29ஆம் திகதி வருகிறதே. கண்ணாடிக்காரனின் முதல் வரி: ‘பல நூறு உயிர்களைக் காவுகொண்ட கோர மண்சரிவு.’ யாரடா எண்ணினது என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

ஒக்டோபர் 20
அந்த ‘எல்லாருக்கும் தெரியும்’ ராத்திரி தூங்கவிடவில்லை. மழைச் சத்தம் வேறு. இன்று இரண்டு பாடவேளையும் அதற்கே போயின. 2014இல் அந்தக் காலை மண் இறங்கியதும் செய்திகளில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பிறகு எண் குறைந்துகொண்டே வந்தது. யார் வீட்டில் இருந்தார், யார் கொழுந்து மலைக்குப் போயிருந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது என்று முதல் நாள் யாருக்குத் தெரியும்? எண்ணை எழுதினால் யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்று பக்கத்திலேயே எழுதுங்கள், மூலத்துக்கு இணைப்பும் கொடுங்கள் என்றேன். ஒருத்தி எழுந்தாள். "கூடச் சொன்னாத்தானே டீச்சர் நம்மள திரும்பிப் பார்ப்பாங்க."

கோபம் வரவில்லை. மலையகத்தைப் பார்க்கவைக்க எத்தனை பேர் சாக வேண்டும் என்று இந்த வயதிலேயே அவளிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் ஊதிய எண் ஒன்று பிடிபட்டால் பக்கத்து வரியில் இருக்கும் உண்மையும் அதோடு போய்விடும். அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. பிறகும் ஆட்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? எழுத வேண்டியது அதைத்தான். எங்கே போவது, யார் காணி கொடுத்தார்கள். (இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.)

ஒக்டோபர் 22
வெடிப்பைப் பார்க்க வருவதாகச் சொன்ன அதிகாரி வரவில்லை.

ஒக்டோபர் 23
இன்று படங்கள். மேட்டு லயத்துப் பொடியன் போட்டிருந்த மண்சரிவுப் படத்தை கூகுள் லென்ஸில் தேடினால் அரநாயக்க. 2016 மே, கேகாலை மாவட்டம். "ரெண்டும் மண்ணுதானே டீச்சர்." அந்த மண்ணுக்குக் கீழே இருந்தவரின் மகன் இதைப் பார்த்தால் என்று கேட்டேன். பேசாமல் எடுத்துவிட்டான். சாயங்காலம் தன் லயத்து வடிகானை போனில் எடுத்து அனுப்பியிருந்தான். சருகு அடைத்து, தண்ணீர் வாசற்படி வரைக்கும் ஏறியிருக்கிறது. கீழே திகதி, இடம், எடுத்தவர் பெயர். அந்த ஒரு படத்துக்கே நூறு மார்க் போடலாம்.

ஒக்டோபர் 25
ஒருத்தி மட்டும் மீரியபெத்தையை விட்டுவிட்டு அப்பாயியின் அரைப்பேரை எழுதியிருக்கிறாள். கொழுந்து குறைவு என்று பாதிச் சம்பளம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் பெயர் தகப்பன் பெயரோடு முழுசாக இருக்கிறது. சம்பளச் சீட்டைக் கொண்டு வா, அன்று தராசடியில் நின்றவர்களைக் கேள், அந்த ஆளிடமும் ஒரு வார்த்தை கேள் என்றேன். "அவர்கிட்டயா!" இது நெட்டில் வரப்போவது அப்பாயிக்கே தெரியாதாம். மறுநாள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நிற்கப்போவது பேத்தி இல்லை, அவர்தான். முதலில் அவரைக் கேட்டு வரட்டும். பதிவு இருக்கிறது, விட்டுவிடவில்லை.

ஒக்டோபர் 27
போத்தலை வெட்டிச் செய்த மழைமானியில் 80 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. மண்சரிவு எச்சரிக்கைப்படி 24 மணித்தியாலத்தில் 75 என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். அம்மாவுக்குச் சொன்னேன். "ஒங்கப்பா போத்தல் வச்சா மழை பார்த்தாரு?" ஆட்டை விட்டு வரமாட்டாராம்.

வெடிப்பில் இரண்டு விரல்.

ஒக்டோபர் 28
ஒருத்தியின் சித்தி மீரியபெத்தைக்காரர். போடுவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டு என்று சொல்லியிருந்தேன். ‘கண்ணீரில் மிதக்கும் மக்கள்’ என்ற இடத்தில் சித்தி நிறுத்திவிட்டாராம். "மண்ணு சரிஞ்சப்புறம் மாக்கல்தெனிய பெக்டரியில தங்கியிருந்தப்ப கக்கூசுக்கு வரிசையில நின்னோம். அத எழுது." எழுதியிருக்கிறாள். வந்த பதிவுகளிலேயே அதுதான் நல்ல பத்தி.

ஒக்டோபர் 29
கரண்ட் இல்லை. ஒன்றும் போட முடியவில்லை.

ஒக்டோபர் 30
ராத்திரி இறங்கிவிட்டோம். ஆடும் வந்தது. பாடசாலை மண்டபத்தில் பாய் விரிக்க இடமில்லை. விடிந்ததும் கொழும்பிலிருந்து தம்பி அழுதுகொண்டு பேசுகிறான். எங்கள் தோட்டத்தில் லயமே புதைந்துவிட்டதாக வட்ஸ்அப்பில் வந்ததாம். அம்மா பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக்காரன் ஓடிவந்தான். "டீச்சர், பொய்னு போடவா?" நீ எதைப் பார்த்தாய், எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒரு மூலையில் உட்கார்ந்து தட்டி, அழித்து, திரும்பத் தட்டினான்.

‘காலை 9.40க்குப் பெரிய ரோட்டில் நின்று மேட்டு லயத்தைப் பார்த்தேன். சுவர்கள் நிற்கின்றன. மண்டபத்துக்கு வந்தவர்களில் யாருக்கும் காயமில்லை. பணிய (கீழ்) லயத்துப் பக்கம் நான் போகவில்லை.’

கடைசி வரியை அவனாகவே சேர்த்தான்.

நவம்பர் 2
அதிகாரி வந்தார். வெடிப்பை அளந்தார், படமெடுத்தார். அறிக்கை வரும்வரை யாரும் மேலே போகக்கூடாதாம். அதை எழுத்தில் தாருங்கள் என்றேன். பிரதேச செயலகத்தில் கேட்கச் சொன்னார். பஸ் எட்டரைக்கு.